வழிப்போக்கரின் உரிமை: சத்திரம், சராய், சாலையோர ஓய்வு

திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயம் ‘ஸபா’ என்னும் பெயருடையது. யமன் நாட்டில் செழித்து வாழ்ந்த அந்தச் சமூகத்தாருக்கு இறைவன் வழங்கியிருந்த அருட்கொடைகளுள் ஒன்றாக ஒரு நெடும்பாதையை அவ்வத்தியாயம் குறிப்பிடுகிறது. அந்தப் பாதையில் ஒன்றையடுத்து ஒன்றாகக் கண்ணுக்குத் தெரியும் ஊர்கள் அமைந்திருந்தன. பயணத்தின் கட்டங்களும் அளவாக வகுக்கப்பட்டிருந்தன. இரவிலும் பகலிலும் அச்சமின்றி அவ்வழியே செல்ல முடிந்தது. கட்டுச்சோறும் தண்ணீரும் சுமக்கத் தேவையில்லாதபடி இறங்கிய இடமெல்லாம் அவை கிடைத்தன என விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். ஆயினும் அம்மக்கள், தங்கள் பயணக் கட்டங்களுக்கிடையே உள்ள தூரத்தை அதிகமாக்கும்படி இறைவனிடம் வேண்டினர். அதன் பின் அவர்கள் சிதறடிக்கப்பட்டு, பிறர் பேசும் பழங்கதையாயினர்.

வழியில் தங்குமிடம் இருப்பது இறைவனின் அருள் என்பதையும், அதை அற்பமாக எண்ணுவது நன்றி மறத்தல் என்பதையும் இந்த வசனங்கள் சேர்த்தே உணர்த்துகின்றன. காரில் ஏறியதும் “எங்கும் நிற்காமல் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம்?” என்று கணக்கிடும் இக்காலத்தில், அந்த வேண்டுதல் நமக்கு அந்நியமானதாகத் தோன்றவில்லை. நம் முன்னோர் பயண ஓய்வை எவ்வாறு கருதினர், அதற்காக என்னென்ன அமைப்புகளை உருவாக்கினர், அவை எப்படி மறைந்தன, இன்று நம் பொறுப்பு யாது என்பவற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கல்களால் அளக்கப்பட்ட தூரம்

பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் ‘கஸ்ர்’ சலுகை எத்தனை தூரத்திற்குரியது என்ற கேள்விக்கு ஃபிக்ஹு நூல்கள் தரும் விடையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஷாஃபிஈ நூல்கள் ‘இரண்டு மர்ஹலா’ என்கின்றன. மர்ஹலா என்றால் ஒரு நாள் பயணக் கட்டம். அதாவது ஒரு தங்கலிலிருந்து அடுத்த தங்கல் வரையிலான தொலைவு. அதையே ‘நான்கு பரீத்’ என்றும் சொல்வர். பரீத் என்பது அஞ்சல் குதிரைகள் மாற்றப்படும் ஒரு நிலையத்திற்கும் அடுத்த நிலையத்திற்கும் இடைப்பட்ட தூரம். ஹனஃபி நூல்கள் ‘மூன்று நாள் நடை’ என்கின்றன. அந்த ஒரு நாள் நடையும் காலை முதல் நண்பகல் சாயும் வரை மிதமாக நடப்பதையே குறிக்கும். எஞ்சிய பொழுது உணவுக்கும் தொழுகைக்கும் ஓய்வுக்கும் உரியது. இந்திய ஹனஃபி அறிஞர்கள் அதை 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டனர்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தூரத்தை முதலில் அளந்துவிட்டு, பிறகு அதில் ஓய்வுக்கு இடம் தேடவில்லை. ஓய்வையும் உள்ளடக்கியே தூரத்தை அளந்தனர். தமிழகத்தில் வழங்கிய ‘காதம்’ என்ற அளவும் கால்நடையாகச் செல்பவரின் ஆற்றலோடு ஒட்டியதே. பிற்காலத்தில் அது ஏறத்தாழ 10 மைல் எனக் கொள்ளப்பட்டது.

ஹனஃபி கணக்கின்படி ஒரு நாள் நடை ஏறக்குறைய 26 கிலோமீட்டர். புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்திலுள்ள கீரமங்கலத்திலிருந்து சென்னைக்குச் செல்ல 350 கிலோமீட்டருக்கும் மேல் ஆகும். அக்காலத்தில் அது பதின்மூன்று இரவுத் தங்கல்கள் கொண்ட பயணமாக இருந்திருக்கும். பதின்மூன்று ஊர்களின் கிணற்று நீரைக் குடித்து, பதின்மூன்று இடங்களில் அந்நியரோடு படுத்துறங்கி எழுந்தே ஒருவர் சென்னையைக் கண்டிருப்பார். இன்று அதே தூரத்தை இரவு உணவுக்குப் பின் புறப்பட்டு விடிவதற்குள் கடந்துவிடுகிறோம். சாலை மாறிவிட்டது, வாகனமும் மாறிவிட்டது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் மனிதனின் கண்ணும் உடலும் மாறவில்லை.

நபிவழியில் பயண ஓய்வு

பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி என்றும், அது மனிதனின் உறக்கத்தையும் உணவையும் பானத்தையும் தடுத்துவிடுகிறது என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. சென்ற வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புமாறும் அதே நபிமொழி அறிவுறுத்துகிறது. இதை மட்டும் படிப்பவர், நிற்காமல் வருவதே நபிவழி என்று எண்ணிவிடக்கூடும். வேலை முடிந்த பின்னும் வெளியூரில் வீணே தங்கிவிடாதே என்பதே அதன் கருத்து. வழியில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதை மற்ற நபிமொழிகள் தெளிவுபடுத்துகின்றன.

அவற்றுள் அபூ கத்தாதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி மிகவும் கவனத்திற்குரியது. ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. ஓர் இரவுப் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் வாகனத்தின்மீது அமர்ந்தவாறே கண்ணயர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தார்கள். உடன்வந்த அபூ கத்தாதா (ரலி), உறக்கத்தைக் கலைத்துவிடாமல் அவர்களைத் தாங்கி நிமிர்த்தினார். சிறிது தூரம் சென்றதும் மீண்டும் அவ்வாறே நேர்ந்தது. மூன்றாம் முறை முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தபோது அவர் தாங்கிப் பிடிக்க, நபி (ஸல்) அவர்கள் விழித்துக்கொண்டார்கள். தம்மைப் பாதுகாத்தமைக்காக அவருக்கு துஆச் செய்தார்கள். பின்னர் பாதையைவிட்டு விலகி, தொழுகை நேரத்தைக் கவனித்துக்கொள்ளுமாறு தோழர்களிடம் சொல்லிவிட்டுத் தலைசாய்த்தார்கள். களைப்பு மிகுதியால் அனைவரும் உறங்கிவிட, சூரியன் உதித்த பிறகே விழித்தனர். தோழர்கள் கலங்கியபோது, உறக்கத்தில் நேர்ந்தது குற்றமன்று, விழித்திருக்கும்போது அலட்சியம் செய்வதே குற்றம் எனத் தெளிவுபடுத்தித் தொழுகையை நிறைவேற்றினார்கள்.

வாகனத்தில் கண் சொருகும்போது செய்ய வேண்டியது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி இல்லை. பாதையைவிட்டு விலகி நின்று உறங்க வேண்டும். ஜன்னலைத் திறந்து விடுவதும், பாட்டின் ஒலியைக் கூட்டுவதும், தேநீரைக் குடித்துவிட்டு இன்னும் நாற்பது கிலோமீட்டர்தானே என்று தொடர்வதும் அந்தச் சாய்வை நிமிர்த்தும் கைகள் அல்ல. ஒட்டகத்தில் சாய்ந்தவரைத் தாங்க அருகில் ஒருவர் வந்தார். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரில் அதற்கு அவகாசமே இல்லை.

இரவில் தங்கும்போது பாதையின் நடுவிலோ ஓரத்திலோ தங்காதீர், அது விலங்குகள் நடமாடும் வழி, இரவில் ஊர்வனவற்றின் புகலிடம் என்ற எச்சரிக்கையும் முஸ்லிமில் உண்டு. செழிப்பான நிலத்தில் செல்லும்போது ஒட்டகத்திற்கு மேய்ச்சல் உரிமையைக் கொடுக்கும்படி அதே அறிவிப்பு கூறுகிறது. ஓரிடத்தில் இறங்கினால் வாகன விலங்கின் பாரத்தை இறக்காமல் நாங்கள் தொழத் தொடங்கமாட்டோம் என்று அனஸ் (ரலி) அவர்கள் சொன்னதை அபூதாவூத் பதிவு செய்துள்ளது. சுமக்கும் உயிரின் இளைப்பாறுதல் வணக்கத்திற்கும் முன்னதாக வைக்கப்பட்டது.

தோண்டியவரும் கட்டியவரும்

தனிமனித ஒழுக்கமாக இருந்த இந்தப் பண்பு, மிக விரைவிலேயே பொது ஏற்பாடாக வளர்ந்தது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் திருக்குர்ஆன் (9:60) சேர்த்துள்ளது. ஊரில் செல்வராக இருப்பவரும் வழியில் கையறு நிலைக்கு ஆளானால் அவருக்குப் பொது நிதியில் உரிமை உண்டு. தேவைக்கு மிஞ்சிய தண்ணீரை வைத்துக்கொண்டு வழிப்போக்கருக்கு மறுப்பவனை மறுமையில் இறைவன் ஏறிட்டும் பார்க்கமாட்டான் என்ற கடும் எச்சரிக்கை புகாரீயில் உள்ளது.

ஹிஜ்ரி 17இல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உம்ராவுக்குச் சென்றபோது, மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே நீர்நிலைகளை உடையவர்கள் அவ்வழியில் வீடுகள் கட்ட அனுமதி கேட்டனர். அவர் ஒரு நிபந்தனையோடு அனுமதித்தார். தண்ணீருக்கும் நிழலுக்கும் அங்கு வசிப்பவரைவிட வழிப்போக்கரே அதிக உரிமையுடையவர் என்பதே அந்நிபந்தனை. இப்னு ஸஅத் இதைப் பதிவு செய்துள்ளார். வழிப்போக்கருக்கு உதவுவது தர்மம் என்ற நிலையைக் கடந்து, அது அவருடைய உரிமை என ஓர் ஆட்சியாளர் வரையறுத்த தருணம் இது. மாவும் பேரீச்சம்பழமும் உலர்திராட்சையும் சேமித்து, வழியில் தவிப்போருக்கு வழங்கும் களஞ்சியத்தையும் அவர் ஏற்படுத்தினார்.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார், கூஃபாவிலிருந்து மக்கா வரை சுமார் 1,400 கிலோமீட்டர் நீளும் ஹஜ் பாதையில் குளங்களும் கிணறுகளும் தங்குமிடங்களும் அமைக்கப் பெரும்பொருள் செலவிட்டார். அவர் பெயராலேயே அது ‘தர்பு ஸுபைதா’ எனப்படுகிறது. அதில் 27 பெரிய தங்கல்கள் இருந்தன. அவற்றின் குளங்கள் சில இன்றும் பாலைவனத்தில் காணக்கிடைக்கின்றன.

நம் துணைக்கண்டத்தில் இப்பணியைப் பெருமளவில் செய்தவர் ஷேர்ஷா சூரி. 1540 முதல் 1545 வரை ஐந்தே ஆண்டுகள் ஆண்ட அவர், வங்காளத்திலிருந்து சிந்து நதி வரையிலான பெருவழியிலும் பிற சாலைகளிலும் இரண்டு குரோசத்திற்கு ஒன்றாக 1,700 சராய்கள் கட்டியதாக வரலாற்றாசிரியர் அப்பாஸ் கான் சர்வானி எழுதியுள்ளார். ஒவ்வொன்றிலும் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி இடமும் சமையலும், வாயிலில் தண்ணீர்ப் பானைகளும் இருந்தன. அவற்றின் செலவுக்கு அருகிலுள்ள கிராமங்களின் வருவாய் ஒதுக்கப்பட்டது.

இது முஸ்லிம் அரசர்களுக்கு மட்டும் உரிய சிறப்பன்று. 14ஆம் நூற்றாண்டில் மலபார் கரையில் பயணம் செய்த இப்னு பதூதா, அங்கே அரை மைலுக்கு ஒரு மரவீடும் அதில் எல்லாப் பயணிகளும் அமரத் திண்ணைகளும் அருகே கிணறும் இருந்ததை வியந்து எழுதுகிறார். முஸ்லிமல்லாத ஒருவர் அங்கிருந்து தண்ணீர் வழங்கினார். தம் சமயத்தாருக்குப் பாத்திரத்தில் கொடுத்தவர், முஸ்லிம்களுக்குக் கையில் ஊற்றினார். தீட்டு என்ற எண்ணம் அன்றும் இருந்தது. ஆனாலும் தாகத்தோடு வந்தவர் எவரும் தண்ணீரின்றித் திரும்பவில்லை.

நம் வட்டாரத்துச் சாலைகள்

கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள நிலம் நெடுங்காலமாகப் பயணிகள் கடந்துசென்ற நிலம். வடக்கே தஞ்சை, கிழக்கே பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதற்கப்பால் கடற்கரை, தெற்கே அறந்தாங்கி, மேற்கே ஆலங்குடியும் புதுக்கோட்டையும். வட இந்தியாவிலிருந்து தஞ்சை வழியாக இராமேசுவரத்திற்குக் கால்நடையாகச் சென்ற யாத்திரிகர், கடலோரத்து மரைக்காயர் பட்டினங்களுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்காரர், நாகூருக்குப் புறப்பட்ட ஃபக்கீர்கள் எனப் பலரும் இந்த வட்டாரத்தின் வழிகளில் நடந்தனர்.

அவர்களுக்காகத் தஞ்சை மராத்திய அரசர்கள் சத்திரங்களின் வரிசை ஒன்றை உருவாக்கினர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், பின் இராசாமடம், கடலோரமாக மணமேல்குடி, மீமிசல் என அவ்வரிசை நீண்டது. இவற்றுள் பல அரச குடும்பத்துப் பெண்களின் பெயரைத் தாங்கியவை. ஒரத்தநாட்டுச் சத்திரம் இரண்டாம் சரபோஜியின் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக 1802இல் எழுந்தது. யானையும் குதிரையும் இழுக்கும் தேர்போல் அமைந்த அதன் முகப்பை இன்றும் காணலாம்.

சத்திரத்தில் என்ன நடந்தது என்பதை அறிய உறுதியான ஓர் ஆவணம் உள்ளது. 1799 உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் நிர்வாகம் கும்பினியாரிடம் சென்றபோது, சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விட்டுவிடும்படி சரபோஜி மன்றாடினார். 1801இல் தஞ்சை ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதத்தில் அவற்றின் பணிகளை விவரிக்கிறார். பிராமணர் முதல் பறையர் ஈறாக எல்லாச் சாதியினருக்கும், எல்லா வகைத் துறவிகளுக்கும் அங்கே உணவு உண்டு. சமைத்த சோற்றை உண்ணாதவர்க்கு அரிசியும் மளிகையும் தரப்படும். நள்ளிரவில் ஒரு மணி அடிக்கப்படும். அதுவரை உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணலாம். நோயுற்றவர் குணமாகும் வரை மருந்தும் பத்திய உணவும் பெறுவர். நஞ்சுக்கடிக்கு மருத்துவம் செய்வோரும் இருந்தனர். கைக்குழந்தைக்குப் பால் உண்டு. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் கிடைக்கும். கருவுற்ற பெண்கள் கனிவோடு கவனிக்கப்படுவர். வழியில் இறந்துபோனவர்க்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கும் செய்யப்படும்.

ஆட்சியை இழந்த ஓர் அரசர் எதைத் தக்கவைத்துக்கொள்ளப் போராடினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தம் நாட்டுக்குத் தர்ம ராஜ்யம் என்ற பெயரைத் தந்தவை இச்சத்திரங்களே, அதுவே தமக்கு உயர்ந்த பெருமை என்று அவர் எழுதினார். சத்திரங்களுக்குள் சாதி வேறுபாடு இல்லாமலில்லை. இடமும் பந்தியும் பிரித்தே வைக்கப்பட்டன. எனினும் வாயில் எவருக்கும் மூடப்படவில்லை.

அரசர்கள் கட்டியவை ஒருபுறமிருக்க, எளிய மக்கள் எழுப்பியவை இன்னும் நெஞ்சைத் தொடுபவை. இரண்டு கற்றூண்களின்மீது குறுக்கே ஒரு பலகைக்கல், அதுதான் சுமைதாங்கி. தலைச்சுமையோடு தனியே நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கிவைக்கவும் மீண்டும் தலைக்கு ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அது இருக்கும். கருவுற்ற நிலையில் பிள்ளை பெறாமலே இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கி வைக்கப்படாத ஒரு சுமைக்காக, ஊரார் சுமையையெல்லாம் ஒரு கல்லில் இறக்கி வைத்த மக்கள் அவர்கள். அதன் அருகே கால்நடைகள் உடலைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சிக் கல்லும், நீர் அருந்தத் தொட்டியும் சில இடங்களில் இருந்தன. கோடைக்குத் தண்ணீர்ப்பந்தலும், வண்டிகள் அவிழ்த்துவிடப்பட வண்டிப்பேட்டையும், ஊர் முகப்பில் சாவடியும் இருந்தன.

வழிப்போக்கரின் உயிரையும் மானத்தையும் காப்பதும் இந்த மரபின் பகுதியே. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாக மதுரை செல்லும் சாலையில் காட்டுபாவா பள்ளிவாசல் இருக்கிறது. நாகூர் ஷாஹுல் ஹமீது பாதுஷா அவர்களின் வழிவந்த பாவா ஃபக்ருத்தீன் அவர்கள் அங்கே அடக்கமாகியுள்ளார்கள். காட்டுவழியில் கள்ளர்களிடம் சிக்கிய பிராமணப் பெண்களைக் காக்க முயன்று அவர் உயிர் துறந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தொண்டைமான் மன்னர்களும் ஆர்க்காட்டு நவாபும் அந்தப் பள்ளிவாசலுக்கு மானியம் அளித்தனர். அறிமுகமற்ற பிற சமயப் பயணிகளுக்காக உயிரையே கொடுத்தவர் என இருநூறு முந்நூறு ஆண்டுகளாக ஒரு சாலை ஒருவரை நினைவில் வைத்திருக்கிறதென்றால், அந்தச் சாலையின் மக்கள் எதை மேன்மையாகக் கருதினர் என்பது விளங்கும்.

மறைந்தது எவ்வாறு?

சத்திரங்களை எவரும் இடித்து ஒழித்துவிடவில்லை. நடந்து செல்வோர் குறைந்ததால் அவற்றின் தேவை குறைந்தது. ரயில் 1902இல் மண்டபத்தை எட்டியது. 1903இல் தஞ்சை மாவட்டத்துப் பாதை அறந்தாங்கி வரை வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இராமேசுவரம் வரை ரயிலிலேயே செல்ல முடிந்தது. மாதக்கணக்கில் நடந்த யாத்திரை சில நாள்களாகச் சுருங்கியது. சத்திரங்கள் அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தபின் அவற்றின் சொத்துகள் கல்விக்கும் பிற பணிகளுக்கும் பயன்பட்டன. ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் நெடுங்காலம் மாணவர் விடுதி நடந்தது. நல்ல பயன்தான். ஆனால் வழிப்போக்கருக்கு இடமளிக்கும் பொறுப்பு பொதுமக்களின் கையிலிருந்து மெல்ல நழுவியது.

முதலில் பேருந்தும், பின்னர் காரும் வந்தன. ஓய்விடம் கடையாக மாறியது. சாலையோர உணவகத்தில் உண்பவருக்கு அமர இடம் உண்டு. ஒன்றும் வாங்காதவர் நாற்காலியில் நீண்ட நேரம் அமர்ந்தால் பார்வைகள் திரும்பும். உமர் (ரலி) அவர்கள் உரிமை என்று வரையறுத்த தண்ணீரும் நிழலும் விலைப்பட்டியலில் ஏறிவிட்டன. நம் மொழியே இதற்குச் சான்று. பயணியை இளைப்பாற்றிய ‘சாவடி’ என்ற சொல் இன்று நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி என்ற பெயர்களில்தான் நம் எதிரே நிற்கிறது.

நிழலும் குறைந்தது. சாலைகளை அகலப்படுத்தியபோது புளிய மரங்களின் வரிசைகள் பல இடங்களில் வெட்டப்பட்டன. நம் பகுதியில் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், தென்னையோடு பல்லாண்டு முதிர்ந்த நிழல் மரங்களையும் சாய்த்துவிட்டது. அந்த நாள்களில் ஊர் ஊராகப் பொதுச் சமையல் நடந்ததையும், நிவாரணப் பொருள்களோடு தொலைவிலிருந்து வந்த அந்நியரை மக்கள் வரவேற்று உபசரித்ததையும் மறக்க இயலாது. பழைய பண்பு அழிந்துவிடவில்லை. அன்றாட ஏற்பாடாக அது இல்லாமல் போனதே குறை.

சட்டமும் அமானிதமும்

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். காரணங்கள் பல. அவற்றுள் ஓட்டுநரின் களைப்பும் ஒன்று. பின்னிரவு இரண்டு மணி முதல் விடியல் வரையும், பிற்பகலிலும் மனித உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடுகிறது. நபிவழியில் ‘கைலூலா’ என்னும் நண்பகல் சிறுதுயில் பரிந்துரைக்கப்பட்டிருப்பதை இங்கே நினைவுகூரலாம்.

ஓட்டுநரின் ஓய்வு நம் நாட்டில் சட்டமாகவும் உள்ளது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என வேலை நேரத்தை வரையறுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்காமல், இடையில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு வாகனங்களையும் பேருந்துகளையும் ஓட்டுவோர் நாலரை மணி நேரத்திற்கு ஒருமுறை 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். ஆனால் நம் குடும்பக் காரை ஓட்டும் மகனுக்கோ, ஒரு நாள் வாடகைக்கு அழைத்துவரும் ஆக்டிங் டிரைவருக்கோ இந்தக் கணக்கை எவரும் பார்ப்பதில்லை.

வளைகுடாவிலிருந்து வரும் உறவினரை அழைத்துவர இரவில் விமான நிலையம் செல்வது நம் பகுதியில் வழக்கமான ஒன்று. பகலெல்லாம் வேறு வண்டி ஓட்டிய ஒருவரை இரவுக்கும் அமர்த்துகிறோம். போகும்போது நாம் பின்இருக்கையில் உறங்குகிறோம். அவர் விமான நிலையத்தின் வாகன நிறுத்தத்தில் கொசுக்கடியில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு மீண்டும் ஓட்டுகிறார். பணியாளர் மீது அவர்கள் தாங்க முடியாததைச் சுமத்தாதீர், அவ்வாறு சுமத்தினால் நீங்களும் துணை நில்லுங்கள் என்ற நபிமொழி இந்த இருக்கைக்கும் பொருந்தும். ஒட்டகத்தின் பாரத்தை இறக்காமல் தொழாத தோழர்களைப் பின்பற்றுவதாகச் சொல்லும் நாம், ஓட்டுநரிடம் “பகலில் உறங்கினீர்களா?” என்று புறப்படுமுன் கேட்பது மிகச் சிறிய கடமையே. உறங்கவில்லை என்று அவர் சொன்னால் புறப்பாட்டைத் தள்ளிவைக்கவும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பெண்களின் சிரமம் தனியாகச் சொல்லத்தக்கது. வழியில் தூய்மையான கழிப்பிடம் கிடைக்காது என்ற அச்சத்தால், நெடும்பயணங்களில் நம் தாய்மாரும் சகோதரிகளும் புறப்படுவதற்கு முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றனர். தொழுகைக்கு ஒளு எடுக்க இடமின்றித் தவிக்கின்றனர். ஆண்கள் சாலையோரப் பள்ளிவாசலில் இறங்கித் தொழுதுவிட்டு வரும்வரை, பெண்கள் வெயிலில் நிற்கும் காரில் காத்திருக்கும் காட்சி அரிதன்று. ஸுபைதா அம்மையாரையும் முக்தாம்பாளையும் நினைவுகூரும் வரலாறு, வழித்தங்கல்களின் பெயர்களில் பெண்களை வைத்தது. இன்றைய வழித்தங்கல்களில் அவர்களுக்கே இடமில்லை.

நம்மால் இயன்றது

இந்நிலையை மாற்றப் பெரிய அரசாணைகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கீரமங்கலம் போன்ற நாற்சந்தி ஊர்களில், சாலையை ஒட்டிய பள்ளிவாசல்களில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது, கழிப்பிடம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. பல ஊர்ப் பள்ளிகளில் முசாபிர்களுக்கென ஓர் அறை ஒதுக்கும் வழக்கம் இருந்தது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு அருகே பெரியமேட்டிலுள்ள சித்திக் சராய் அந்த மரபின் நகர வடிவம். அந்த மரபை இக்காலத் தேவைக்கேற்பப் புதுப்பிப்பதே நம்முன் உள்ள பணி.

ஒரு ஜமாஅத் மூன்று காரியங்களை எளிதில் செய்யலாம். முதலாவது, பள்ளியின் வெளிவளாகத்தில் பெண்களுக்குத் தனி வாயிலுடன் கழிப்பிடமும் ஒளு செய்யும் இடமும் சிறு தொழுகை அறையும் அமைத்து, சாலையிலிருந்து தெரியும்படி ஒரு பலகை வைப்பது. இரண்டாவது, ஓட்டுநர் படுத்துறங்க மின்விசிறியோடு ஒரு திண்ணை ஒதுக்குவது. கீரமங்கலம் பூவுக்குப் பெயர் பெற்ற ஊர். வாடுவதற்குள் சந்தை சேர வேண்டிய சரக்கை ஏற்றி நேரங்கெட்ட நேரத்தில் ஓடும் வேன் ஓட்டுநர்களுக்கு அத்தகைய திண்ணையின் அருமை தெரியும். மூன்றாவது, சாலையோரம் நிழல் மரங்களை நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டாரைப் பொறுப்பாக்குவது. இம்மூன்றும் சமயம் பாராது எல்லா வழிப்போக்கருக்கும் உரியனவாக இருக்க வேண்டும். நிழலிலும் பாதையிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் சாபத்திற்குரிய செயலாகக் கண்டித்தார்கள். ஆதலின் தங்கிச் செல்வோருக்கும் அந்த இடத்தைத் தூய்மையாக விட்டுச்செல்லும் கடமை உண்டு.

பயணம் செய்வோர் தம் அளவில் செய்ய வேண்டியது ஒன்றே. புறப்படும் நேரத்தைக் குறிக்கும்போதே நிற்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் பயணத்தில் சேர்த்துத் தொழ இடமுண்டு. ஹனஃபி மத்ஹபினர் ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்திற்குள் தொழுவர். இரு வகையினருக்கும் தொழுகைக்காக இறங்கும் பொழுது கால்களை நீட்டவும், முகத்தில் தண்ணீர் படவும், ஓட்டுநர் இருக்கையைவிட்டு எழவும் கிடைத்த பொழுதாகும். அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடாமல், அரை மணி நேரமாக நீட்டித்துக்கொண்டால் வணக்கமும் நிறைவேறும், உடலும் தன் உரிமையைப் பெறும்.

மாட்டுவண்டிக் காலத்தில் வண்டிக்காரர் அயர்ந்துவிட்டாலும் மாடுகள் பழகிய வழியில் வீடு சேர்த்தன. காருக்கு வழி தெரியாது. ஆகவே ஓய்வின் தேவை முன்னைவிட இப்போது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. எங்கள் கட்டங்களுக்கிடையே தூரத்தை அதிகமாக்கு என்று கேட்டவர்களுள் நாமும் ஒருவராகிவிடாமல், வழியில் இளைப்பாறுவோராகவும், இளைப்பாற இடமளிப்போராகவும் வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.